சுமைதாங்கிக்கு இந்தப் பக்கம்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து வெளியுலகத்துக்கு ஒரே ஒரு நேர்வழிதான் உண்டு. வாசலில் இறங்கித் தெருவில் நூறடி நடந்தால் தார் ரோடு. தெரு ரோட்டைத் தொடும் முனையில் ஒரு சுமைதாங்கிக் கல். பூந்தமல்லி பஸ் நிற்பது அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம். எண்பதுகளின் கடைசியில், ஐந்து மாதத்துக்கு மேல், நான் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கத்திலேயே கிடந்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின்மேல் படுக்கையாக ஒரு நீளக் கல்லை வைத்திருப்பார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் கூடையை அதன்மேல் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, முகம் துடைத்து, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகத்தான் இதை நடுவார்கள். சுமையை இறக்காமலே போனவளுக்கு, அவள் பெயரில் ஊரார் சுமை இறங்குவது ஆறுதலாக இருக்குமாம்.

எங்கள் தெருமுனைக் கல், நான் வருமுன்பே காலமாகிவிட்ட என் மாமனார் தன் முதல் மனைவிக்காக நட்டது. ஆனால் அதில் வெட்டியிருந்தது மாமனாரின் பெயர். பெரிய எழுத்தில் அவர் பெயர், அதன் கீழே சின்னதாக "சம்சாரம் ஞாபகார்த்தம்". அவ்வளவுதான். அந்தச் சம்சாரத்துக்கு என்ன பெயர் என்று கல்லிலும் இல்லை, வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. "வலி அந்தம்மாவுக்கு, பேரு இவருக்கா?" என்று கல்யாணமான புதிதில் என் கணவரிடம் கேட்டேன். அம்மா காதில் விழுந்ததா என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். வீடுகளுக்கு நம்பர்தான் பெயர். நமக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் யாரென்று சுவரில் இருக்கும் ஆணி ஓட்டைகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். செத்துப்போனவர்கள் தெருமுனையில் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும் வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்த வருடம் அம்மா போய்விட்டாள். அப்பா ரிட்டையர் ஆனதும் எனக்குக் கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக, கோபித்துக்கொண்டு போய் உட்கார எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை.

மாப்பிள்ளை அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், முடிவு மட்டும் எடுக்க மாட்டார். குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுங்கள் என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம் "அம்மா தனியா இருப்பாங்களே" என்பார். அம்மாவிடம் போனால் "அவ கேக்கறாளே" என்பார். மதில்மேல் பூனையென்று சொல்வார்கள். பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும்.

மாமியார், மாமனாரின் இரண்டாம் மனைவி, ஒல்லி உடம்புக்காரர். முழங்கைவரை மாவு படிய வேலை செய்வார். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்பதுவரை அவர் சொன்னதுதான் சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய்க் கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைப்போம். கழுவும்போது அவர் கல்லோடு பேசுவார். "மயை வரும்போல கீதுக்கா" என்பார். "உம் மருமவ வந்துகீறா பாரு" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தைச் சாய்ப்பேன்.

கர்ப்பம் மூன்றாம் மாதம் உறுதியானதும் சிரிப்பு நின்றது. அன்றைக்குக் காலை, ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போகலாமென்று புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். மாமியார் வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமே, இப்டி கெளம்பிட்ட? புள்ள பொறக்கற வரிக்கும் நீ அந்தக் கல்லத் தாண்டக் கூடாது."

"ஏன் அத்தே?"

"வவுத்தோட போனவ அங்க நிக்கறா. வவுத்தோட போறவளப் பாத்தா அவளுக்கு ஏக்கம் வருமா வராதா?"

"சரி, ஆட்டோவில போயிடறேன்."

"ஆட்டோல ஏறினா வவுறு எறங்கிப் பூடுமா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ஷூவுக்கு அவ்வளவு நேரம் லேஸ் கட்டிய மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் செய்தார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கமாகப் போகலாம். கொல்லைக் கதவைத் திறந்து, வயல் வரப்பில் நடந்து, ஏரிக்கரையில் ஏறி, ஒரு பெரிய புளியமரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால் வேறொரு ஊரின் பஸ் நிறுத்தம். முக்கால் மணி நேர நடை. ரோடு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். வெயிலில் வரப்பில் தட்டுத்தடுமாறி நடக்கும்போது, கல் தடுக்கி விழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் அவர்களுக்கு வரவில்லை. கல்லைத் தாண்டினால்தான் பயம். ஆஸ்பத்திரி நர்ஸ், "ஏம்மா இவ்வளோ கால் வீங்கியிருக்கு, நிறைய நடக்கிறீங்களா?" என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? வெட்கமாக இருந்தது. வீட்டில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருடம் ஏரி சீக்கிரமே நிறைந்து, வரப்புகள் முழுகி, கொல்லைக்கதவின் கீழ்ப்படிவரை தண்ணீர் வந்து நின்றது. பின்வழி போயிற்று. முன்வழியில் கல். முன்னறை ஜன்னலில் உட்கார்ந்தால் கல் நன்றாகத் தெரியும். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், விறகு கொண்டு போகிறவர்கள், ஆவடிச் சந்தைக்குக் கூடை தூக்கிப் போகிற பெண்கள் எல்லாரும் அதில் சுமையை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நிற்பார்கள். ஊருக்கே இளைப்பாறுதல் தருகிற கல், எனக்கு மட்டும் பூட்டு. அவர்கள் மேல்கூடப் பொறாமைப்பட்டேன். காலையில் எட்டு மணி பஸ் வந்து நின்று போவதைப் பார்ப்பேன், ஒன்பது மணி பஸ்ஸைப் பார்ப்பேன், பிறகு எழுந்து போய் அரிசி களைவேன். எனக்கு மூச்சு முட்டியது. கர்ப்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமியார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழு வருடம் காத்திருந்தேன். தவறாமல் புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று, அட்டையின் மடிப்புகள் கிழிந்து பின்னால் காகிதம் ஒட்டி வைத்திருந்தேன். தபால்காரர் ஜன்னல் வழியாக நீட்டிய பழுப்பு உறையில் பணி நியமன ஆணை இருந்தது. திருமழிசைக்கு அப்பால் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆணை கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் சேராவிட்டால் நியமனம் ரத்து. எங்கள் முனையில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் மாறினால் போய்விடலாம். கல்லுக்கு அந்தப் பக்கம்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். ஆணையை மூன்று முறை படித்தேன். பிறகு உரக்க ஒருமுறை படித்தேன், வயிற்றிலிருப்பதற்கும் கேட்கட்டும் என்று.

மாமியார் சந்தோஷப்பட்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதென்றாலும் தடவிப் பார்த்து, சாமி படத்தின்முன் வைத்தார். "புள்ள பொறந்தப்பறம் போய்ச் சேந்துக்கோ" என்றார். பதினைந்து நாள் கணக்கை நான் விளக்கினேன். "கவர்மெண்ட்டுக்கு மட்டும் அம்மா இல்லியா? எடுத்துச் சொன்னா கேக்கமாட்டாங்களா?" என்றார். கணவரை எழுதச் சொல்லி ஒரு விண்ணப்பம் அனுப்பினோம். பதில் வரவில்லை. வருமென்று நான் நம்பவும் இல்லை.

நாட்கள் போயின. நான் தினமும் கணவரிடம் கேட்டேன், அவர் தினமும் "அம்மாகிட்ட பேசறேன்" என்றார். பேசவும் செய்தார் என்றே நினைக்கிறேன். ஒருநாள் சமையலறையில் அவர் குரல் கேட்டது, "யம்மா, ஒரேயொரு நாள்..." அதற்குமேல் கேட்கவில்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு டம்ளர் காபி இருந்தது. அவர் கேட்டது காபிதானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கலாம்: படித்தவள்தானே, கால் இருக்கிறதே, நடந்துபோக வேண்டியதுதானே? நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டுமுறை தெருவில் பாதிவரை போனேன். இரண்டு முறையும் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கு, அறிவியல் பாடம் எடுக்கப் படித்தவளுக்கு, உள்ளங்கை வியர்த்தது. ஒருவேளை, ஒருவேளை என்று ஒரு சொல் உள்ளே புகுந்துவிட்டால் அப்புறம் மாமியார் வாசலில் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். அவர் மேலிருந்ததைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்று நாள் பாக்கி இருந்தபோது கீரைக்காரம்மா வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். என் மாமியார் வயதுதான். கூடையைக் கல்லில் வைத்து இளைப்பாறிவிட்டுத்தான் எங்கள் தெருவுக்குள் நுழைவார். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முளைக்கீரைக் கட்டை ஜன்னல் வழியாக வாங்கினேன். நான் அழுதிருந்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. கல்லைத் தாண்டக் கூடாது, அதனால் ஐந்து மாதமாகப் புளியமரத்து வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன், இப்போது அதுவும் தண்ணீரில் போய்விட்டது, வேலையும் போகப்போகிறது என்று கொட்டினேன். கீரைக்காரம்மா வாயில் இருந்த வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கினார்.

"புளியமரத்தாண்டயா? அடிப்பாவி. மொதல்ல கல்லு நட்டதே அங்கதான்!"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் வண்டிப்பாதை ஏரிக்கரையில்தான் இருந்தது. சுமைக்காரர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், அதனால் மாமனார் கல்லை அங்கே புளியமரத்தடியில் நட்டார். தார் ரோடு வந்தபின் கரையில் நடக்க ஆளில்லை. சுமை இறக்க ஆளில்லாத இடத்தில் கல் இருந்து என்ன புண்ணியம்? மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோரம் நட்டுவிட்டார்.

"நான் பாத்துகினு இருந்தேன் பாப்பா. வண்டிக்குப் பின்னாடியே உன் மாமியா நடந்து வந்துச்சி. நட்டு முடிச்சதும் அதுதான் பால் ஊத்துச்சி. அப்ப அதுவே வவுத்துல புள்ளையோட கீது. ஏயு மாசமோ எட்டு மாசமோ. அதுக்கு இன்னா ஆச்சி? உனுக்கு மட்டும் இன்னா ஆவும்?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனபின் நான் அந்த ஜன்னலிலேயே நின்றேன். சிரிப்பு வந்தது. ஐந்து மாதம், கால் வீங்க, வரப்பில் விழுந்து எழுந்து, எந்த இடத்துக்குப் பயந்தேனோ அந்த இடத்தையே ஒவ்வொரு மாதமும் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் தாண்டியிருக்கிறேன். பிள்ளை உள்ளே குத்துக்கல் மாதிரித்தான் இருக்கிறது. தடை போட்டவரே வயிற்றோடு அதற்குப் பால் ஊற்றியிருக்கிறார். காப்பியடித்த பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வாத்தியார்த்தனம் எனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமியார் வரும்வரை காத்திருந்தேன்.

அவர் சர்க்கரைப் பையை இறக்கி வைக்கக்கூட நான் விடவில்லை.

"கல்லு முதல்ல புளியமரத்தடியிலதானே இருந்தது? தெரிஞ்சுதானே என்னை அந்த வழியா அனுப்பினீங்க?"

அவர் பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ரோட்டோரம் நட்டப்போ பால் ஊத்தினது யாரு? வயித்தில பிள்ளையோட ஊத்தினீங்களா இல்லையா? உங்களுக்கு ஆகாத ஏக்கம் எனக்கு மட்டும் எங்கேருந்து வந்தது? நான் வேலைக்குப் போகக் கூடாது. அதுக்கு ஒரு கல்லு, ஒரு கதை. நேராச் சொல்லியிருக்கலாமே அத்தே."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஐந்து மாதத்துப் பேச்சு, மடை திறந்த மாதிரி வந்தது. அவர் பையைத் தரையில் வைத்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆமா, ஊத்தினேன்" என்றார். "அந்தப் புள்ள எங்கன்னு கீரக்காரி சொன்னாளா?"

நான் இல்லையென்று தலையசைத்தேன்.

"பால் ஊத்தி பத்து நா இருக்கும். வலி கண்டுச்சி. எட்டு மாசம். பொட்டப்புள்ள. நல்ல நெறம். அயவே இல்ல." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அக்காவுக்கு நாங்க எடத்த மாத்தினது புடிக்கலயோ, நான் அவ எடத்துக்கு வந்தது புடிக்கலயோ, யாருக்குத் தெரியும்? மூணு வருசம் கயிச்சி உன் ஊட்டுக்காரன் வவுத்துல தங்கினான். அவன் பொறக்கற வரிக்கும் நான் இந்தப் படிய வுட்டு எறங்கல. பொயச்சான். மரத்தடில இப்ப கல்லு இல்ல, அவளும் அங்க இல்ல. கல்லோட இங்க வந்துட்டா. அதான் உன்ன அந்த வயியா அனுப்பிச்சேன்."

"நீ வேலைக்குப் போனா எனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார். எழுந்து உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவர் பகலில் படுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண்குழந்தையைப் பற்றி என் கணவருக்கே தெரியாது. சாயங்காலம் நான் சொன்னபோது அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு, அந்த ஐந்து மாதத்தில் பட்டதில்லை. அதுவரை அவர் சொல் என்னைக் கட்டிப்போட்டிருந்தது. இப்போது நான் சொன்ன சொல்லே என்னைக் கட்டிப்போட்டது. கல்லை மூடநம்பிக்கை என்று திட்டலாம். செத்த குழந்தையை என்னவென்று திட்டுவது? இனி கிளம்பிப் போனால், அவர் வயிற்றெரிச்சலை மிதித்துக்கொண்டு போனதாகும். போகாவிட்டால் ஏழு வருடம் போகும். அந்தக் கிழிந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியின் அடியில் வைத்தேன். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாமென்று நாலைந்துமுறை சமையலறைவரை போனேன். அவர் சட்டியைக் கழுவும் சத்தத்தில் பேசாமல் திரும்பி வந்தேன்.

பதினைந்தாவது நாள் காலை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். போகும்போது "நான் வேணா லீவு போடட்டுமா?" என்று கேட்டார், எதற்கு லீவு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. லேசான தூறல். நான் தலைகூட வாராமல் ஜன்னலில் உட்கார்ந்து எட்டு மணி பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எய்ந்திரு. ஒம்பது மணி பஸ்ஸு பூடும்."

திரும்பிப் பார்த்தேன். மாமியார் விசேஷத்துக்குக் கட்டும் அரக்குப் புடவையில் நின்றிருந்தார். ஒரு கையில் என் சான்றிதழ்கள் இருந்த பை. இன்னொரு கையில் மாமனாரின் பழைய கறுப்புக் குடை.

"அத்தே..."

"பேசினது போதும். தலைய வாரு."

தெருவில் இறங்கினோம். கல் எங்களுக்கு இடது கைப்பக்கம். அவர் என்னை வலது பக்கம் தள்ளிவிட்டு, எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்துகொண்டார். கிட்டே போகப்போகக் குடையைச் சாய்த்தார். தலைக்கு மேலே பிடிக்க வேண்டிய குடையை என் வயிற்றுப் பக்கத்துக்கு மறைப்பாகப் பிடித்தார். தூறல் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. குடைத்துணிக்கு அந்தப் பக்கம் இருந்த கல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. குடைக்கம்பி என் தோளில் தட்டிக்கொண்டே இருந்தது.

கல்லுக்கு நேராக வந்ததும் நின்றார். குடைக்கு வெளியே தலையை நீட்டினார்.

"யக்கா, இவ கவுர்மெண்ட்டு டீச்சரு வேலைக்குப் போறா. இவளப் பாக்காத. என்னப் பாரு. எம்மேல இன்னா கோவம் இருந்தாலும் எங்கிட்ட காட்டு."

அப்புறம் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டைத் தாண்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின்தான் அவர் காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். தெருவிலேயே விட்டுவிட்டாரா, போடாமலே வந்தாரா என்று கேட்கவில்லை. "அன்னைக்கி நான் பேசினது தப்பு அத்தே" என்று சொல்ல வாயெடுத்தேன். "டிக்கெட்டு வாங்கு" என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை நான் அப்புறமும் முடிக்கவேயில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் ஆணையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "சேர்ந்த கையோட லீவு லெட்டரும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். நான் கையெழுத்துப் போடும்வரை மாமியார் வராந்தாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

வேலையில் சேர்ந்த இருபத்தெட்டாம் நாள் எனக்கு வலி வந்தது. மருத்துவச்சியை வீட்டுக்கு வரவழைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில், கல்லைத் தாண்டித்தான், ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்போதும் குடை வந்தது. வெயில் காய்ந்த பகலில் ஆட்டோவுக்குள் ஒரு பக்கமாகக் குடையைப் பிடித்து உட்கார்ந்திருந்த கிழவியை ரோட்டில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெண்குழந்தை. பிறந்ததும் வார்டே அதிர அழுதாள். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்ற மாமியார், அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டாராம். ஆயா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். "இன்னொருவாட்டி அயச் சொல்லு" என்று கேட்டாராம்.

என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மாமியார் போனார். அதுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லைக் கழுவினார். அதற்கு அடுத்த வருடம் ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கல் அரைமணி நேரத்தில் கழன்றுவிட்டது. தூண்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. மேல்கல்லைத் தூக்கிப்போய் டீக்கடை வாசலில் சாக்கடைமேல் பாலமாகப் போட்டார்கள், எழுத்து கீழ்ப்பக்கமாக. மாமனார் பெயர் இப்போது சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாவம்தான். ஆனால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, மறைப்பானேன்.

அந்தப் பாழாய்ப்போன கல் ஒழிந்தது, இனி நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு புது டீச்சர் வந்தாள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். அவளுக்கு ஏழாம் மாதம். ஒருநாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வயிற்றின்மேல் பையை வைத்துக்கொண்டு, ஸ்கேன் எடுத்த கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ் எங்கள் முனையை நெருங்கியது. இப்போது அங்கே ஒரு சிமெண்ட் பஸ் ஸ்டாப் இருக்கிறது, வேறெதுவும் இல்லை. என்னையறியாமல் நான் எழுந்துவிட்டிருந்தேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாம்மா" என்று அவளை உள்பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"ஏன் டீச்சர்? நீங்க எறங்கற எடம் வந்துருச்சே!"

"காத்து வேணும்" என்றேன். மடியில் இருந்த குடையை எடுத்து ஜன்னலில் சாய்த்து வைத்தேன். அன்றைக்கு நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.